மாற்றுச் சாவி யாரிடம்?

பூட்டு வாங்கப் போகிறவர் கடைக்காரரிடம் முதலில் கேட்பது, "இதை உடைக்க முடியுமா?" என்றுதான். பூட்டின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தால் அதைவிடப் பழைய கேள்வி ஒன்று கிடைக்கிறது: இதன் மாற்றுச் சாவி யாரிடம் இருக்கிறது?

2019 மே மாதம் மெட்ரோ ரயில் வந்தபின் கெல்லிவில்லில் நம்மவர் வீடுகள் கூடிக்கொண்டே போகின்றன. கணவன் மனைவி இருவருக்கும் வேலை. பிள்ளைகள் மூன்றரை மணிக்குப் பள்ளியிலிருந்து திரும்புகிறார்கள். ஊரிலிருந்து வந்து சில மாதம் தங்கும் அம்மாவோ மாமனாரோ மாலை நடைக்குக் கிளம்பும்போது சாவியை மறந்துவிடுகிறார்கள். ஆகவே விரல்ரேகை, இரகசிய எண், கைபேசி என எதைக் காட்டினாலும் திறக்கும் மின்னணுப் பூட்டின் மேல் ஆசை வருவது இயல்பு. வாங்குவதற்கு முன், பூட்டு என்னும் பொருளை நம் ஊரும் உலகமும் எப்படி நம்பி வந்தன என்று பார்த்துவிடுவது நல்லது.

திண்டுக்கல்லில் இருந்தே தொடங்கலாம். 1930களில் சங்கரலிங்க ஆசாரி சகோதரர்கள் அங்கே பூட்டுத் தொழிலைத் தொடங்கினார்கள் என்று சொல்லப்படுகிறது. வானம் பார்த்த பூமி. விவசாயத்தை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாது. சுற்றுவட்டாரக் கிராமங்களில் குடும்பம் குடும்பமாகப் பூட்டுச் செய்தார்கள். மாங்காய் வடிவில் மாங்காய்ப் பூட்டு, சாவியைத் திருப்பினால் மணியடிக்கும் பெல் பூட்டு என்று வகை வகையாக வந்தன. சிறைக்கும் கோயிலுக்கும் கிடங்குக்கும் திண்டுக்கல் பூட்டுத்தான் என்பது தமிழ்நாட்டில் நெடுங்காலம் எழுதப்படாத விதி. 2019இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

அந்தப் பூட்டின் உள்ளே இருப்பது லீவர் முறை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய உலோகத் தகடுகள் ஒவ்வொன்றையும் சாவியின் பற்கள் சரியான உயரத்துக்குத் தூக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் ஒன்று கூடினாலும் தாழ் நகராது. இங்கிலாந்தில் ராபர்ட் பாரன் என்பவர் 1778இல் காப்புரிமை பெற்ற தத்துவம் இது. திண்டுக்கல் ஆசாரி அதைக் கையால், அரத்தால் செய்தார். கையால் அராவியதால் ஒரு பூட்டைப்போல் இன்னொன்று அமையாது. ஒன்றின் சாவி இன்னொன்றுக்குச் சேராது. வாங்கியவர் பூட்டோடு சாவிகளையும் எடுத்துப் போய்விட்டால் பட்டறையில் எதுவும் மிஞ்சாது. மாற்றுச் சாவி வீட்டுக்காரரிடம் மட்டுமே. பெட்டிக்குள் பத்திரமாக இருக்கும், அல்லது நம்பிக்கையான ஒருவர் இடுப்பில் இருக்கும்.

ஒரே ஆளை நம்ப முடியாத இடங்களுக்கும் வழி இருந்தது. இந்தியாவில் அரசுக் கருவூலங்களின் காப்பறைக்கு இரட்டைப் பூட்டு முறை உண்டு. ஒரு சாவி ஓர் அதிகாரியிடம், மற்றது இன்னொருவரிடம். இருவரும் சேர்ந்து வந்தால்தான் கதவு திறக்கும். கணினித் துறையில் நாங்கள் இன்று 'இருவர் ஒப்புதல்' என்று புதிதுபோல் பேசுவதைக் கருவூலக் குமாஸ்தாக்கள் எப்போதோ செய்துகொண்டிருந்தார்கள்.

இனி லண்டனுக்கு. ஜோசப் பிராமா 1784இல் காப்புரிமை பெற்ற பூட்டு ஒன்று பிக்கடிலியில் அவர் கடையின் சன்னலில் பல பத்தாண்டுகள் தொங்கியது. சாவியில்லாமல் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று அறிவிப்பு. சப் நிறுவனத்தின் 'டிடெக்டர்' பூட்டோ இன்னொரு படி மேலே போனது. யாராவது கள்ளச்சாவி போட்டுப் பார்த்தால் பூட்டு இறுகிக்கொள்ளும். உரிமையாளர் அடுத்த முறை சாவி போடும்போது விஷயம் தெரிந்துவிடும். இன்றைய கைபேசி எச்சரிக்கையின் பாட்டன் அது. 1851இல் மாபெரும் கண்காட்சிக்கு வந்த அமெரிக்கர் ஆல்பிரட் ஹாப்ஸ், சப் பூட்டை 25 நிமிடத்தில் திறந்தார். பிராமா பூட்டுக்கு அவருக்கு 16 நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் பிடித்தது. பரிசையும் வாங்கினார்.

லண்டன் பத்திரிகைகள் அதிர்ந்தன. பூட்டின் பலவீனத்தை ஊரறியச் சொல்வது திருடர்களுக்குப் பாடம் நடத்துவதாகாதா? ஹாப்ஸ் தரப்பின் பதில் எளிமையானது: திருடர்களுக்கு அது முன்பே தெரியும், தெரியாமல் இருப்பது வீட்டுக்காரருக்குத்தான். அந்த விவாதத்துக்குப் பின் பூட்டுகள் மேம்பட்டன. கணினிப் பாதுகாப்பில் இன்றும் நாங்கள் அந்தப் பதிலைத்தான் மேற்கோள் காட்டுகிறோம்.

பிறகு லைனஸ் யேல் வந்தார். 1861லும் 1865லும் அவர் பெற்ற காப்புரிமைகளிலிருந்து பிறந்ததுதான் நம் சட்டைப்பையில் கிடக்கும் தட்டைச் சாவி. தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் செய்யலாம்; மூலைக்கடையில் சில நிமிடங்களில் நகல் வெட்டலாம். வசதி கூடியது. அதோடு, மாற்றுச் சாவிகள் எத்தனை, யார் யாரிடம் என்ற கணக்கும் கைவிட்டுப் போனது.

சாவிக்கு இன்னொரு வேலையும் உண்டு என்பதை ஈழத்திலிருந்து வந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1995 அக்டோபர் 30 இரவு வலிகாமத்து மக்கள் நாவற்குழிப் பாலத்தைத் தாண்டித் தென்மராட்சிக்கு நடந்தபோது, வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பியவர்கள் பலர். சிலருக்குத் திரும்பிப் போக வீடே இல்லை. ஆனாலும் சாவி இருந்தது. எதையும் திறக்காத அந்த இரும்புத் துண்டு, அந்த வீடு தங்களுடையது என்பதற்கு அவர்கள் கையில் மிஞ்சிய சாட்சி.

மின்னணுப் பூட்டில் அப்படிக் கையில் மிஞ்ச ஒன்றும் இருக்காது. சாவி என்பது ஒரு கணக்கு. கணக்கு இருப்பது ஒரு நிறுவனத்தின் சர்வரில். 2016 ஆகஸ்ட்டில் லாஸ் வேகாஸ் டெஃப்கான் மாநாட்டில் அந்தோனி ரோஸ், பென் ராம்சி இருவரும் தாங்கள் சோதித்த 16 புளூடூத் பூட்டுகளில் 12 திறந்துகொண்டதாகக் காட்டினார்கள். சில பூட்டுகள் கடவுச்சொல்லை மறைக்காமல் அப்படியே காற்றில் அனுப்பின. நிறுவனங்களுக்குத் தெரிவித்தபோது ஒன்றுதான் பதில் சொன்னது; அதுவும், குறை தெரியும், திருத்தப் போவதில்லை என்று.

அடுத்த ஆண்டு நடந்ததில் திருடனே இல்லை. 2017 ஆகஸ்ட்டில் லாக்ஸ்டேட் என்ற அமெரிக்க நிறுவனம் இணையம்வழி அனுப்பிய மென்பொருள் மேம்படுத்தல் தவறான மாடலுக்குப் போய்ச் சேர்ந்தது. சுமார் 500 வாடிக்கையாளர்களின் பூட்டுகள் எண்களை ஏற்க மறுத்தன. பழுதான பகுதியைக் கழற்றி அஞ்சலில் அனுப்பத்தான் வேண்டியிருந்தது. வீட்டுக்காரர் ஒரு தவறும் செய்யவில்லை. அவருக்குத் தெரியாமலே ஒரு மாற்றுச் சாவி வெளியே இருந்தது. அதை வைத்திருந்தவர் கைதவறிப் பூட்டைக் கெடுத்துவிட்டார்.

ஆஸ்திரேலியா இதற்கு இப்போதுதான் சட்டம் செய்திருக்கிறது. 2024ஆம் ஆண்டின் இணையப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள் 2026 மார்ச் 4 முதல் பொருந்தும். எல்லாப் பெட்டியிலும் ஒரே தொடக்கக் கடவுச்சொல் கூடாது. குறைகளைத் தெரிவிக்க வழி சொல்ல வேண்டும். பாதுகாப்பு மேம்படுத்தல்கள் எந்தத் தேதிவரை வரும் என்று வெளியிட வேண்டும். மூன்றாவது நமக்கு முக்கியம். மாங்காய்ப் பூட்டு தாத்தாவிடமிருந்து பேரனுக்கு வரும். மின்னணுப் பூட்டுக்குக் காலாவதித் தேதி உண்டு. விலைச்சீட்டுக்கு முன் அந்தத் தேதியைப் பாருங்கள்.

இணையம் போனாலும், நிறுவனமே மூடப்பட்டாலும் எண்ணும் விரலும் வேலை செய்ய வேண்டும். பேட்டரி தீர்ந்தால் திறக்க ஒரு சாவித் துளையோ, வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்க ஒரு முனையோ இருக்க வேண்டும். பிள்ளைக்கும் மாமியாருக்கும் துப்புரவுக்கு வருபவருக்கும் தனித்தனி எண் கொடுத்து, வேண்டாதபோது நீக்க முடிய வேண்டும். உள்ளிருந்து சாவியோ எண்ணோ இல்லாமல் திறக்கக்கூடியதாக இருப்பது எல்லாவற்றிலும் முக்கியம்: தீப்பிடித்தால் இருட்டிலும் புகையிலும் பாட்டி எண்ணை நினைவுகூர முடியாது. அடுக்குமாடி வீடென்றால் வாசற்கதவு தீத்தடுப்புக் கதவு. பூட்டை மாற்றுமுன் கட்டட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும்.

முன்வாசலோடு நின்றுவிடவும் கூடாது. திருமறைக்காட்டில் வேதங்கள் பூட்டிய பெருங்கதவை அப்பர் பாடித் திறக்கும்வரை மக்கள் பக்கவாயில் வழியாகத்தான் போய்வந்தார்கள் என்பது பெரியபுராணக் கதை. கெல்லிவில்லிலும் பெரும்பாலோர் வீட்டுக்குள் நுழைவது கராஜ் வழியாக. ஆயிரம் டாலர் பூட்டை முன்கதவில் போட்டுவிட்டு, கராஜிலிருந்து வீட்டுக்குள் வரும் கதவைச் சும்மா சாத்தி வைப்பதில் பொருளில்லை. பழைய ரிமோட் ஒன்று விற்ற காரிலேயே கிடக்கக்கூடும்.

மின்னணுப் பூட்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. யார் யாருக்குத் திறக்கலாம் என்ற கணக்கை யேல் சாவி நம்மிடமிருந்து பறித்தது. நல்ல மின்னணுப் பூட்டு அதைத் திருப்பித் தருகிறது. ஆனால் அந்தக் கணக்கில் நாம் எழுதாத ஒரு பெயரும் இருக்கிறது, செய்தவரின் பெயர். திண்டுக்கல் ஆசாரி பூட்டை விற்றதும் விலகிக்கொண்டார். இவர் விலகமாட்டார். அவரால் நம் கதவில் என்ன செய்ய முடியும், எத்தனை ஆண்டு செய்வார் என்பதைக் கடையிலேயே கேட்டுவிடுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அடுத்த பூட்டைப் பாருங்கள்.