கல்யாண் குறுக்கீட்டுமானியும் ‘குறுக்கீடு’ என்னும் கலைச்சொல்லும்

முன்னுரை

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் படைமுகாமாக இருந்து, 1947இல் நிகழ்ந்த பிரிவினைக்குப் பின் சிந்தி அகதிகளின் குடியிருப்பாக உருப்பெற்ற ஊர் உல்லாஸ்நகர். மும்பைக்கு வடகிழக்கே உள்ள அவ்வூரை அடுத்தது கல்யாண். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் முதல் ரேடியோ தொலைநோக்கி 1965ஆம் ஆண்டு அங்கு இயங்கத் தொடங்கியது. அது ஒரு தனிக்கருவி அன்று. 32 சிறு ஆண்டெனாக்கள் இணைந்த ஒரு குறுக்கீட்டுமானி. அதன் வரலாற்றையும், அவ்வரலாற்றைத் தமிழில் எழுதப் புகுவோர் எதிர்கொள்ளும் ஒரு சொற்சிக்கலையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

கருவியின் வரலாறு

கல்யாணில் நின்ற ஆண்டெனாக்கள் இந்தியாவில் உருவானவை அல்ல. சிட்னி நகருக்கு அருகில் பாட்ஸ் ஹில் என்னுமிடத்தில், கிறிஸ்டியான்சென் என்பவர் சூரியனை ஆராய அமைத்த வரிசையைச் சேர்ந்தவை அவை. 1952இல் சிட்னி சென்று அங்கு நடைபெற்ற ரேடியோ வானியல் ஆய்வுகளைக் கண்டு வந்தவர், தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் இயக்குநரும் தமிழருமான கே. எஸ். கிருஷ்ணன். அவருடைய ஊக்கத்தால் கோவிந்த் ஸ்வரூப் 1953இல் கொழும்புத் திட்டத்தின்கீழ் ஆஸ்திரேலியா சென்றார். கொடைக்கானல் வான் ஆய்வகத்தைச் சேர்ந்த ஆர். பார்த்தசாரதியும் அவருடன் பணியாற்றினார். 21 சென்டிமீட்டர் அலைநீளத்துக்காக அமைந்திருந்த பாட்ஸ் ஹில் வரிசையை 60 சென்டிமீட்டர் அலைநீளத்தில் இயங்குமாறு இருவரும் மாற்றியமைத்தனர்.

அவ்வரிசையின் பயன்பாடு அங்கு முடிந்தபோது, ஸ்வரூப்பின் முயற்சியால் 32 ஆண்டெனாக்களும் இந்தியாவுக்கு அளிக்கப்பட்டன. அவை புது தில்லியில் சில ஆண்டுகள் பயன்படாமல் கிடந்தன. ஹோமி பாபாவின் அழைப்பை ஏற்று ஸ்வரூப் 1963இல் டாடா நிறுவனத்தில் சேர்ந்த பின்னரே அவை கல்யாணை அடைந்தன. 24 ஆண்டெனாக்கள் கிழக்கு மேற்காக 630 மீட்டர் நீளத்திலும், எஞ்சிய 8 வடக்கு தெற்காக 256 மீட்டர் நீளத்திலும் நிறுத்தப்பட்டன.

அளவீட்டின் அடிப்படை

ஓர் ஆண்டெனாவின் விட்டம் 1.8 மீட்டர். கல்யாணில் பயன்பட்ட அதிர்வெண் ஏறத்தாழ 610 மெகாஹெர்ட்ஸ். அதன் அலைநீளம் 49 சென்டிமீட்டர். இந்த அலைநீளத்தில் ஒரு தனி ஆண்டெனா வானத்தில் 15 பாகைக்கு மேற்பட்ட பரப்பை ஒன்றாகவே காணும். சூரியனின் விட்டமோ அரைப்பாகை. எனவே தனி ஆண்டெனாவால் சூரியனின் உருவத்தை அறிய இயலாது. 630 மீட்டர் நீளத்தில் பரவி நின்ற ஆண்டெனாக்களின் சைகைகளை ஒன்றுசேர்த்தபோது, சுமார் 2.3 கலை அளவுக்கு நுண்மை கிட்டியது. ஒரு கலை என்பது பாகையின் அறுபதில் ஒரு பங்காகும். அமைதிநிலைச் சூரியனின் விளிம்பு மிகுந்து ஒளிர்வதை இக்கருவி காட்டியது.

இந்நுண்மை காலவேறுபாட்டால் விளைவது. சூரியன் தலைக்கு நேராக இல்லாதபோது அதன் அலை ஓர் ஆண்டெனாவை முன்னும் மற்றொன்றைப் பின்னும் அடையும். செங்குத்திலிருந்து 30 பாகை கிழக்கே சாய்ந்த திசையிலிருந்து அலை வருமாயின், 630 மீட்டர் வரிசையின் மேற்கு முனையை அடைய அது 315 மீட்டர் கூடுதலாகச் செல்ல வேண்டும். அதற்கு ஆகும் காலம் ஒரு விநாடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கினும் சற்று மிகுதி. இக்காலவேறுபாடு திசைக்கேற்ப மாறுவதால், காலத்தை அளப்பது திசையை அளப்பதாகிறது. இரு சைகைகளுக்கும் இடையே 24.5 சென்டிமீட்டர், அதாவது அரை அலைநீளம், பிறழ்வு நேர்ந்தால் அவை ஒன்றையொன்று அழிக்கும். முழு அலைநீளம் நேர்ந்தால் ஒன்றையொன்று வலுப்படுத்தும்.

ஆனால் வானத்தில் தோன்றும் காலவேறுபாட்டோடு, கம்பிகளில் தோன்றும் காலவேறுபாடும் கலந்துவிடும். வெப்பத்தால் கம்பி சிறிது நீண்டாலும் அளவு பிழைபடும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஸ்வரூப்பும் யாங் என்பவரும் 1961இல் வெளியிட்ட முறை இதற்குத் தீர்வு தந்தது. மையத்திலிருந்து ஒரு சைகையைக் கம்பிவழியே அனுப்பி, ஆண்டெனாவின் அருகே அதனைத் திருப்பி, சென்று மீண்ட அலையின் கட்டத்தை அளப்பதே அம்முறை. பிற்காலத்தில் உலகின் பெரிய குறுக்கீட்டுமானிகள் பலவும் இக்கருத்தைப் பின்பற்றின.

சொற்சிக்கல்

மேற்கூறிய வரலாற்றில் அலைகளின் சந்திப்பே அளவீட்டுக்குக் காரணம், அது தடையன்று. தமிழ்ப் பாடநூல்களில் வழங்கும் ‘குறுக்கீடு’ என்னும் சொல் கேட்போர் மனத்தில் தடையையே முதலில் தோற்றுவிக்கிறது. ஆங்கிலச் சொல்லிலும் தடைப்பொருள் உண்டு. ஆயினும் அதன் பழைய பிரெஞ்சு மூலம் ‘ஒன்றையொன்று தாக்குதல்’ என்னும் பரிமாற்றப் பொருளுடையது.

தமிழ்ச் சொல்லில் அப்பரிமாற்றம் இல்லையா எனின், வினைவடிவில் உண்டு. ‘அவன் பேச்சில் குறுக்கிட்டான்’ என்பதில் எழுவாய் தடுப்பது; ஏழாம் வேற்றுமை ஏற்றது தடைபடுவது. ‘இரண்டு சாலைகள் குறுக்கிடும் இடம்’ என்பதில் தடுப்பதும் இல்லை, தடைபடுவதும் இல்லை. இரண்டும் சம நிலையின. பன்மை எழுவாயே இவ்வேறுபாட்டைத் தருகிறது. ‘குறுக்கீடு’ எனப் பெயராக்கும்போது எழுவாய் மறைகிறது. அதனோடு பரிமாற்றப் பொருளும் மறைந்து, தடைப்பொருள் மேலோங்குகிறது.

இதன் விளைவை நாராயண்காவ் அருகே கோடதில் அமைந்த பெருந்தொலைநோக்கி பற்றிய மொழிபெயர்ப்பில் காணலாம். 45 மீட்டர் விட்டமுடைய 30 ஆண்டெனாக்கள் கொண்ட அக்கருவிக்கு, மனிதர் உண்டாக்கும் ரேடியோ இரைச்சல் குறைந்த இடம் தேவைப்பட்டது. இதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘குறுக்கீட்டுமானிக்குக் குறுக்கீடு இல்லாத இடம்’ என்றாகும். முறைக்கும் அதன் பகைக்கும் ஒரே சொல் அமைகிறது.

மொழியியலாரும் இதனை அறிவர். 1953இல் வைன்ரைக் இருமொழியாளரின் பேச்சைக் குறித்து இதே ஆங்கிலச் சொல்லை ஆண்டார். அது குறைகூறும் தொனி உடையது என்று கருதிய பின்னையோர் ‘இடமாற்றம்’, ‘செல்வாக்கு’ ஆகிய பொருள் தரும் சொற்களை நாடினர்.

முடிவுரை

நிலைபெற்ற சொல்லை நீக்குவது எளிதன்று; தேவையுமன்று. ரேடியோ இரைச்சலுக்கு ‘இடையூறு’ என்பதையும், அலைநிகழ்ச்சிக்குப் பாடநூல்கள் ஏற்றுள்ள ‘குறுக்கீட்டு விளைவு’ என்பதையும் வரையறுத்து ஆளலாம். தொடரமைப்பில் ‘ஓர் அலை மற்றொன்றில் குறுக்கிடுகிறது’ என்பதைத் தவிர்த்து, ‘இரு அலைகள் குறுக்கிடுகின்றன’ எனப் பன்மை எழுவாயோடு எழுதுவது பொருத்தமாகும். கல்யாணின் 32 ஆண்டெனாக்களில் எதுவும் தனித்துச் சூரியனின் உருவைக் காணவில்லை. அவ்வுண்மையைப் பெயர்ச்சொல்லைவிடப் பன்மை எழுவாயே தமிழில் செவ்வனே உணர்த்துகிறது.