நந்திக்கடற் கரையும் நமது நினைவும்

ஒருபுறம் அலைகடல், மறுபுறம் நந்திக்கடல் என்னுங் களப்பு, இடையே ஒடுங்கிய மணற்பரப்பு. இதுவே முல்லைத்தீவின் முள்ளிவாய்க்கால். 1983இல் மூண்ட போர் 2009 மே மாதத்தில் இவ்வெழிற் கரையிலேயே முடிவுற்றது. இறுதிக் கட்டத்தில் 40,000 பொதுமக்கள் வரை மாண்டிருக்கக்கூடுமென ஐக்கிய நாடுகளின் நிபுணர் குழு 2011இற் கூறிற்று; அரசாங்கம் அதனை ஏற்கவில்லை. மே 18இல் தமிழர் அங்கே சுடரேற்றிக் கஞ்சி வார்க்கின்றனர். மறுநாள் அரசு தன் போர்வீரரைப் போற்றுகின்றது.

மலையகத்தாராகிய நமக்கு அக்கரையோடு யாது தொடர்பு? 1977ஆம் ஆண்டுக் கலவரத்தின்பின் தோட்டங்களை நீங்கி வன்னியிற் குடியேறியோர் பலர். அவர்தம் மக்களும் அப்போரில் அகப்பட்டனர்.

நாம் வாழும் வெல்லஸ்ஸ மண்ணும் ஒரு பாடம் புகட்டுகின்றது. 1818ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் கெப்பெட்டிபொல முதலியோரை ஆங்கிலேயர் துரோகிகளெனப் பிரகடனஞ் செய்தனர். அதனை 2016இல் நீக்கி, அவர்களைத் தேசிய வீரரென்றது இலங்கை அரசு. பட்டங்கள் ஆட்சியோடு மாறும். இறந்தோரை எண்ணி அழும் உரிமையோ எவர்க்கும் மாறலாகாது.

ஆதலின் இளைஞர்காள்! நம் லயங்களிலிருந்து வன்னி சென்றோர் யாவர், மீளாதோர் யாவர் என்பதை முதியோரிடம் இன்றே கேட்டு எழுதிவைப்போமாக.