தற்காலிகச் சட்டமும் நிலைத்துவிட்ட வாடகையும்: பம்பாய் தரும் பாடம்

வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமே இந்திய நகரங்களின் வீட்டுப் பஞ்சத்துக்குக் காரணம் என்பது இன்று பெரும்பாலோர் ஏற்றுக்கொண்ட கருத்து. பம்பாயின் வரலாறு இக்கருத்தைப் பாதியளவே உறுதிசெய்கிறது.

அந்நகரில் வாடகைச் சிக்கல் சட்டத்துக்கு முந்தையது. 1896இல் பரவிய பிளேக், ஆலைத் தொழிலாளர் அடைந்து வாழ்ந்த ‘சால்’ எனும் ஓரறைக் குடியிருப்புகளின் நிலையை அரசுக்கு உணர்த்தியது. 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைக்கப்பட்டது. அதன் இடிப்புப் பணிகளால் வீடிழந்தோர் பலர் அருகிலிருந்த சால்களிலேயே மேலும் நெருங்கிக் குடியேறினர். முதல் உலகப்போர்க் காலத்தில் வாடகை ஏறவே, 1918இல் முதல் கட்டுப்பாட்டுச் சட்டம் போர்க்கால ஏற்பாடாகப் பிறந்தது. 1920களில் அரசே வொர்லி, நாய்காவ், சிவ்ரி, டிலைல் ரோடு ஆகிய இடங்களில் சால்களைக் கட்டியது. ஆயினும் வொர்லி அறைகளில் பல நெடுங்காலம் காலியாகவே கிடந்தன. ஆலைக்கு அருகே, கைக்கெட்டும் வாடகையில் வாழ்வதே தொழிலாளரின் தேவை. வெறும் கூரை அத்தேவையை நிறைவேற்றவில்லை.

இரண்டாம் உலகப்போரும் பிரிவினையும் உண்டாக்கிய நெருக்கடியில் 1947ஆம் ஆண்டுச் சட்டம் இயற்றப்பட்டது. 1940 செப்டம்பர் 1 அன்று நிலவிய வாடகையே அளவுகோல் ஆயிற்று. குறுகிய காலத்துக்கென வந்த அச்சட்டம் மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டது. விலைவாசி உயர, வாடகை உறைந்து நின்றது. பழுதுபார்க்கும் செலவுக்கே வாடகை போதாத நிலையில் உரிமையாளர் கட்டடங்களைக் கைவிட்டனர். சிதைந்த கட்டடங்களைச் சீரமைக்க 1969இல் தனி வாரியத்துக்கான சட்டம் தேவைப்பட்டது.

அடக்கப்பட்ட விலை வேறு வழியில் வெளிப்பட்டது. மராத்தியில் ‘பகடி’ என்றால் தலைப்பாகை. தமிழில் கேலியைக் குறிக்கும் பகடியன்று இது. குடியேறுவோர் கணக்கில் வராமல் கொடுக்கும் பெருந்தொகைக்கு அதுவே பெயராயிற்று. வாடகை சில ரூபாய். நுழைவதற்கான விலையோ சந்தை மதிப்பை ஒட்டியது. ஆகவே சட்டம் உள்ளிருந்தவர்களைக் காத்தது. பின்னர் வந்தவர்களுக்குக் கதவடைத்தது. ‘லீவ் அண்ட் லைசென்ஸ்’ எனும் உரிம ஒப்பந்தத்தில் இருந்தோரையும் 1973ஆம் ஆண்டுத் திருத்தம் வாடகையாளராக்கியபின், வீட்டை வாடகைக்கு விடுவதைவிடப் பூட்டி வைப்பதே பாதுகாப்பு என உரிமையாளர் பலர் கருதலாயினர்.

1997 டிசம்பரில் உச்சநீதிமன்றம், காலப்போக்கில் அவ்வாடகை விதிகள் நியாயமற்றவையாகிவிட்டன என்றது. எனினும் சட்டம் 1998 மார்ச்சில் காலாவதியாகவிருந்ததால் அவற்றை ரத்து செய்யவில்லை. 1999ஆம் ஆண்டு மகாராஷ்டிரச் சட்டம் ஆண்டுக்கு 4 விழுக்காடு உயர்வை அனுமதித்தது, பகடியையும் சட்டபூர்வமாக்கியது.

இவ்வளவையும் கொண்டு கட்டுப்பாடே குற்றவாளி எனத் தீர்ப்பளித்துவிட இயலாது. ஆலைத் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறைகளாக நகரின் நடுவே வாழ முடிந்தது அந்த உறைந்த வாடகையால்தான். பிழை வேறோரிடத்தில் உள்ளது. எளியோருக்கு வீடளிக்கும் பொறுப்பின் செலவை, தான் ஏற்க வேண்டிய அரசு, பழைய கட்டடங்களின் உரிமையாளர்மீது சுமத்தியது. புதிய வாடகை வீடுகளைத் தேவைக்கேற்பக் கட்டவுமில்லை.

நகர்ப்புற இந்தியக் குடும்பங்களில் வாடகைக்கு இருந்தோர் 1961இல் ஏறத்தாழ 54 விழுக்காடு; 2011இல் ஏறத்தாழ 28 விழுக்காடு. அதே 2011 கணக்கெடுப்பில் நகரங்களில் 1.1 கோடி வீடுகள் காலியாக இருந்தன. 2021இல் ஒன்றிய அரசு ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம், பூட்டிய வீடுகளைத் திறக்கும் நோக்குடையது. திறந்த கதவுக்குள் ஒரு கட்டடத் தொழிலாளியோ வீட்டுப் பணியாளரோ நுழைய இயலுமா என்பது வாடகையைப் பொறுத்தது. அவர்தம் கூலிக்கும் சந்தை வாடகைக்கும் இடையிலான தொகையை யார் ஏற்பது என்னும் 1918இன் வினாவுக்கு அச்சட்டத்திலும் விடையில்லை.