நிறைமாதமும் நடவு வயலும்: பேறுகால ஓய்வின் சாதி வரலாறு

நம்முடைய வரலாற்றை எழுத உட்காருகிறபோது குளத்துத் தண்ணீர், கோயில் நுழைவு, பறை மறுப்பு, பஞ்சமி நிலம், எரிந்த குடிசைகள் என்று எழுதுகிறோம். எல்லாம் எழுத வேண்டியவைதான். ஆனால் ஒரு சேரிப் பெண் ஏழாம் மாசத்திலிருந்து பிள்ளை பெறுகிற நாள் வரைக்கும் என்ன வேலை செய்தாள், என்ன தின்றாள், எங்கே படுத்தாள், எந்தக் கை அவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்தது என்பதெல்லாம் நம்முடைய கணக்கில் வருவதில்லை. 'அது பொம்பளைங்க சமாச்சாரம்' என்று ஒதுக்கி வைத்துவிடுகிறோம். ஊர்க்காரன் நம்மை ஒதுக்கியதைப் பேசுகிற நாமே ஒதுக்கிய பகுதி இது. கூலி, தீட்டு, சட்டம் மூன்றும் ஒரே உடம்பின்மேல் வந்து உட்காருகிற இடமும் இதுதான்.

வளைகாப்பு, சீமந்தம் என்று தமிழ்ப் பண்பாட்டு ஆய்வாளர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். ஏழாம் மாசமோ ஒன்பதாம் மாசமோ சடங்கு செய்து, வளையல் அடுக்கி, பல வகைச் சோறு ஆக்கி, பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புகிறார்கள். சடங்கைக் கழித்துவிட்டுப் பார்த்தால் மிஞ்சுவது வேலையிலிருந்து விடுதலை, வயிறாரச் சோறு, பெற்றவளின் அருகாமை. இந்த மூன்றுக்கும் பின்னால் ஒரு குதிர் நெல் இருக்க வேண்டும். தாய்வீடும் கூலி வீடாக இருந்தால் வந்த மகள் இன்னொரு வயிறு. அவள் அங்கே போயும் களையெடுக்கத்தான் போக வேண்டும். சேரியிலும் வளையல் போட்டிருக்கிறோம், புளிச்சோறு கிளறியிருக்கிறோம். மறுநாள் விடியற்காலம் ஆண்டையின் நடவுக்கு ஆள் கூப்பிடும்போது வளையல் கையோடு சேற்றில் இறங்கியிருக்கிறாள்.

கடைசி மூன்று மாசத்தில்தான் பிள்ளை வேகமாக எடை ஏறுகிறது. தாய்க்கு இரும்புச்சத்தும் சோறும் தூக்கமும் அதிகம் தேவைப்படுகிற காலமும் அதுவே. அந்தக் காலத்தில் நாள் முழுக்கக் குனிந்து நாற்று நடுகிறவளுக்கு இரத்தம் சுண்டிப் போகிறது. இரத்தம் குறைந்த உடம்பு பேற்றின்போது ஏற்படுகிற உதிரப்போக்கைத் தாங்காது. கை, முகம் வீங்குவது, விடாத தலைவலி, கண் மங்கல் என்பவை இரத்த அழுத்தம் ஏறியதன் அடையாளங்கள். கவனிக்காமல் விட்டால் வலிப்பு வரும். நம் கிழவிகள் இதை 'ஜன்னி' என்றார்கள். பிள்ளை பெற்றபின் சீழ் வைத்துக் காய்ச்சல் கண்டு செத்தாலும் 'ஜன்னி'தான். ஒரே சொல்லுக்குள் எத்தனை சாவுகள் எழுதப்படாமல் கிடக்கின்றன.

கீழத்தஞ்சைப் பக்கத்தில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா சொன்னதை அவர் பேச்சிலேயே தருகிறேன்: "மாசம் தெரியாதுப்பா எங்களுக்கு. நடவு, களை, அறுப்பு, அதுதான் மாசம். மூத்தவ அறுப்புல பொறந்தா. ரெண்டாவது நடவு. நட்டுக்கிட்டே இருந்தேன், இடுப்பு வெட்டு வெட்டுனு வெட்டுது. பொய்வலின்னு நெனச்சேன். பொய்வலியா இருந்தா கூலி போயிடுமேன்னு கரையேறல. பெறகு கரையிலயே ஒரு சேலையைச் சுத்திப் புடிச்சாளுக. மூணாம் நாள் கருக்கருவாள எடுத்துக்கிட்டு நான் வயலுக்குப் போனேன். போவலன்னா ஆரு சோறு போடுவா?"

இதைக் கேட்டுவிட்டு 'உழைக்கும் பெண்ணின் உடல்வலிமை' என்று புகழ்கிற தோழர்கள் உண்டு. அந்த அம்மா ஏழு பெற்றார். மூன்று மிச்சம். வலிமை என்று நாம் சொல்வதன் விலை மீதி நான்கு.

தொட்ட கை

பிள்ளைப்பேறு தீட்டு. உதிரமும் நஞ்சுக்கொடியும் தீட்டு. ஆகவே அதைத் தொடுகிற கையும் தீட்டு என்று சாதியம் வகுத்து வைத்தது. தமிழ்நாட்டின் பல பகுதிகளில் ஊர்த்தெருவில் பேறு பார்த்தவர் நாவிதர் சமூகத்துப் பெண். அவருக்கு 'மருத்துவச்சி' என்று பெயர் கொடுத்தார்கள், படியளந்தார்கள், திண்ணைக்குக் கீழே நிற்க வைத்தார்கள். அந்த மருத்துவச்சியும் சேரிக்குள் வரக்கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. சேரியில் பேறு பார்த்தவர்கள் நம் கிழவிகளும் புதிரை வண்ணார் சமூகத்துப் பெண்களும்தான். நம் தீட்டுத்துணியை வெளுத்து, நம் பிள்ளைகளை ஏந்தியெடுத்த அந்தப் பெண்களுக்கு நாம் என்ன மரியாதை கொடுத்தோம் என்பதையும் இந்த இடத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். ஊர் நமக்குச் செய்ததை நாம் அவர்களுக்குச் செய்தோம்.

வெள்ளைக்காரன் ஆட்சியில் தாய் சாவுக்கும் சிசு சாவுக்கும் 'அழுக்கான நாட்டு மருத்துவச்சி'தான் காரணம் என்று அறிக்கை மேல் அறிக்கையாக எழுதினார்கள். மூங்கில் சிலாம்பிலும் அரிவாளிலும் கொடி அறுத்ததால் பிள்ளைகள் செத்தது உண்மை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவள் கையை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியவர்கள், பெற்றவளின் பட்டினியையும் கூலியையும் ஏற்றவில்லை.

ஐரோப்பாவின் கதையையும் சேர்த்துப் பார்க்கலாம். 1840களில் வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பேறுகாலப் பிரிவுகள் இருந்தன. ஒன்றில் மருத்துவ மாணவர்கள், இன்னொன்றில் பேறு பார்க்கப் பயிலும் தாதிகள். மாணவர்கள் பிரிவில் பத்துக்கு ஒருத்தி என்கிற அளவில் காய்ச்சல் கண்டு செத்தாள். தாதிகள் பிரிவில் சாவு அதில் பாதிக்கும் குறைவு. பிணத்தை அறுத்துப் படித்துவிட்டு அதே கையோடு வந்து பேறு பார்த்ததுதான் காரணம் என்று இக்னாஸ் செம்மல்வைஸ் 1847இல் கண்டு சொன்னார். குளோரின் கலந்த நீரில் கை கழுவ வைத்ததும் சாவு சரிந்தது. படித்தவன் கை சுத்தம் என்று நம்பிய மருத்துவ உலகம் அவர் சொன்னதை எளிதில் ஏற்கவில்லை. கைக்கு அழுக்கு சாதியால் வருவதில்லை. கழுவாததால் வருகிறது. சேரிக்குச் சோப்பும் வெந்நீரும் புது பிளேடும் பயிற்சியும் கொடுத்திருந்தால் அந்தக் கிழவிகளின் கையே எத்தனையோ உயிரைக் காத்திருக்கும்.

நகரத்து மருத்துவமனைக்கும் சாதி உண்டு. சென்னை எழும்பூரில் பிள்ளைப்பேறு மருத்துவமனை 1844இல் தொடங்கிவிட்டது. ஆனால் 1885இல், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த மேரி ஷார்லீப் முயற்சியில் இன்னொரு மருத்துவமனை வந்தது. அதன் பெயர் 'சாதி மற்றும் கோஷாப் பெண்களுக்கான விக்டோரியா மருத்துவமனை'. மற்றவர்களோடு ஒரே இடத்தில் படுக்க மாட்டாத சாதி இந்துப் பெண்களுக்கும் திரைக்குள் இருந்த பெண்களுக்கும் தனி இடம். பெயர்ப்பலகையிலேயே நாம் வெளியே. இன்று அது திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை, எல்லாருக்குமானது. ஆனாலும் சென்னைவாசிகள் வாயில் அது இன்னும் 'கோஷா ஆஸ்பத்திரி'தான். அந்தப் பெயரின் முன்பாதி எப்படி மறைந்துபோனது என்று யாரும் கேட்பதில்லை.

கொடி அறுக்க மறுத்தவர்கள்

வட இந்தியாவில் இந்தத் தீட்டுப் பணி நேரடியாகத் தலித் பெண்ணின் தலையில் இறங்கியது. உத்தரப்பிரதேசம், பீகார் கிராமங்களில் ஆதிக்க சாதி வீட்டில் பிள்ளை பிறந்தால் சமார் பெண் போய்க் கொடி அறுக்க வேண்டும், நஞ்சைப் புதைக்க வேண்டும். மற்ற வேலைகளைவிடக் கொடி அறுப்பதே பெரிய தீட்டாக எண்ணப்பட்டது. கூலி கொஞ்சம் தானியம், ஒரு பழஞ்சேலை. அவள் நிறைமாதமாக இருந்தாலும், அவள் பிள்ளை காய்ச்சலில் கிடந்தாலும் ஆள் வந்து கூப்பிட்டால் போக வேண்டும்.

1950களில் தொடங்கி அந்தப் பகுதிகளில் 'நாரா–மவேசி' என்ற இயக்கம் பரவியது. நாரா என்றால் தொப்புள்கொடி. மவேசி என்றால் மாடு. செத்த மாட்டைத் தூக்க மாட்டோம் என்று ஆண்களும், கொடி அறுக்க மாட்டோம் என்று பெண்களும் சொன்னார்கள். அடி விழுந்தது. வயலில் கால் வைக்கக் கூடாது, வழியில் நடக்கக் கூடாது என்று ஊர்விலக்கு வந்தது. அப்படியும் மறுப்பு ஊர் ஊராகப் போயிற்று.

செத்த மாடு தூக்க மறுத்த வரலாறு நமக்குத் தெரியும். அதைப் பாட்டாக்கியிருக்கிறோம், நாடகமாக்கியிருக்கிறோம். கொடி அறுக்க மறுத்த பெண்கள் ஏன் அந்த மேடையில் இல்லை? ஒரே இயக்கத்தின் பெயரில் முதலில் நிற்பது அவர்கள் மறுப்புதான்.

சட்டம் எங்கே நின்றது

பேற்றுக்கு முன்னும் பின்னும் ஓய்வு வேண்டும், ஓய்வுக்குக் காசு வேண்டும் என்கிற எண்ணம் தொழிற்சாலையிலிருந்து பிறந்தது. 1919இல் வாஷிங்டனில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு பேற்றுக்கு முன் ஆறு வாரம், பின் ஆறு வாரம் என்று உடன்படிக்கை செய்தது. இந்தியா அதை ஏற்று உறுதிசெய்யவே இல்லை.

1928 ஜூலையில் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு உதவி மசோதா விவாதத்துக்கு வந்தபோது அதை ஆதரித்துப் பேசினார் அம்பேத்கர். பிள்ளை பெறுவதற்கு முன்பும் பின்பும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன் என்றார். இந்தச் சுமையில் பெரும்பங்கு அரசுடையது என்பதை ஒத்துக்கொண்டார். ஆனாலும் பெண்ணை வேலைக்கு வைப்பதால் அதிக லாபம் காண்கிற முதலாளியும் பொறுப்பேற்க வேண்டும் என்று வாதாடினார். பெண்ணின் பேறு அவள் சொந்தச் சங்கடம் என்றிருந்த காலத்தில் அதை அரசின் கடமை, முதலாளியின் கடன் என்று மாற்றி வைத்த பேச்சு அது. அதற்கு முன்பே அவரும் ரமாபாயும் பெற்ற ஐந்து பிள்ளைகளில் நான்கைப் பறிகொடுத்திருந்தார்கள். 1929இல் பம்பாயில் சட்டம் வந்தது. 1934இல் சென்னை மாகாணம் தன் சட்டத்தை நிறைவேற்றியது.

1942இல் அம்பேத்கர் வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். சுரங்கப் பெண்களுக்கான 1941ஆம் ஆண்டுப் பேறுகாலச் சட்டத்தில் திருத்தங்கள் கொண்டுவந்தார். அதே காலத்தில், 1943இல், போர்க்கால நிலக்கரித் தட்டுப்பாட்டைக் காட்டி, நிலத்தடிச் சுரங்கத்தில் பெண்கள் வேலை செய்வதற்கு இருந்த தடை நீக்கப்பட்டது. 1946இல்தான் தடை திரும்ப வந்தது. ஜாரியாவிலும் ராணிகஞ்சிலும் அந்த இருட்டுக்குள் இறங்கியவர்கள் பெரும்பாலும் ஆதிவாசிப் பெண்களும் தலித் பெண்களும். நம் தலைவர் பொறுப்பிலிருந்த காலம் என்பதற்காக இதை விட்டுவிட்டு எழுதினால் அது வரலாறு ஆகாது. ஏகாதிபத்தியப் போர் எந்தப் பெண்ணின் வயிற்றின் மேல் நடந்தது என்பதை இது காட்டுகிறது.

1961இல் நாடு முழுமைக்கும் மகப்பேறு நலச் சட்டம் வந்தது. ஆலை, சுரங்கம், தோட்டம் ஆகியவற்றில் வேலை செய்கிறவர்களுக்குப் பன்னிரண்டு வாரச் சம்பளம். 2017இல் அது 26 வாரமாக உயர்ந்தது. 2020இல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் சேர்க்கப்பட்டது. நல்லதுதான். ஆனால் வரப்பில் பெற்ற அந்த அம்மா எந்த முதலாளியின் வருகைப் பதிவேட்டில் இருந்தார்? இன்று ஒருவர் வயல், நாளை இன்னொருவர் வயல். 1928இல் பேசப்பட்ட முதலாளியின் கடன் நடவு வயலின் வரப்பைத் தாண்டவில்லை.

தமிழ்நாட்டில் 1987இல் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் தொடங்கிய மகப்பேறு உதவித் திட்டம்தான் கூலிக்காரப் பெண் கைக்கும் காசு வர வழி செய்தது. 2006இல் 6,000, 2011இல் 12,000, 2018இல் 18,000 ரூபாய் என்று தொகை ஏறியது. போராடியும் ஓட்டுப் போட்டும் நம் பெண்கள் பெற்றது. ஆனால் இரண்டு பிள்ளைக்கு மட்டும் என்கிற நிபந்தனை இருக்கிறது. பதிவு, பரிசோதனை, தவணை என்று வைத்திருக்கிறார்கள். முன்பணம் வாங்கிச் செங்கல் சூளைக்கு வந்து கல் அறுக்கிறவளின் பதிவு சொந்த ஊரில், வயிறு இங்கே. மராட்டியத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகிற பெண்கள், ஒரு நாள் வராவிட்டாலும் தண்டம் பிடிப்பார்கள் என்பதால் கருப்பையையே எடுத்துக்கொண்ட செய்தி 2019இல் வெளியே வந்தது. ஓய்வு மறுக்கப்பட்டதன் கடைசி எல்லை அது.

2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு பேறுகள் மருத்துவமனையில் நடக்கின்றன. கிராம சுகாதாரச் செவிலியர்களின் உழைப்பு இதில் பெரிது. அதனால் நம் வேலை முடியவில்லை. பேற்று அறையில் வலியில் கத்துகிறவளைப் பார்த்து 'படுக்கும்போது இனிச்சுதா' என்று கேட்கிற வாய் இன்னும் இருக்கிறது. தெருப் பெயரைக் கேட்டதும் மாறுகிற முகம் இருக்கிறது. கட்டிலில் இடம் கிடைத்தது, மரியாதை கிடைக்கவில்லை.

செய்ய வேண்டியவை மூன்று. விவசாயக் கூலி, சூளை, கட்டட வேலை செய்கிற பெண்களுக்கு ஏழாம் மாசத்திலிருந்து கூலிக்கு ஈடான தொகை, எத்தனையாவது பிள்ளை என்று கேட்காமல், எந்த ஊரில் இருந்தாலும் கிடைக்க வேண்டும் என்பதை நம் அமைப்புகள் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் கூலி உயர்வுக்குப் பக்கத்தில் எழுத வேண்டும். பேற்று அறையில் பெண்களுக்கு நடக்கிற அவமானத்தை வன்கொடுமையாகப் பேசப் பழக வேண்டும். மூன்றாவது, மாணவத் தோழர்கள் செய்ய வேண்டியது. ஒவ்வொரு சேரியிலும் பேறு பார்த்த கிழவி ஒருவர் இன்னும் மிச்சம் இருப்பார். புதிரை வண்ணார் வீடுகளில் நிச்சயம் இருப்பார். அவரிடம் போய் உட்காருங்கள். எத்தனை பிள்ளை ஏந்தினார், எத்தனை தவறியது, தலை திரும்பாத பிள்ளைக்கு என்ன செய்தார், யார் வீட்டு வாசலில் நிறுத்தப்பட்டார், என்ன கூலி வாங்கினார் என்று கேட்டு, அவர் பேச்சிலேயே எழுதிக்கொண்டு வாருங்கள். அவர்கள் போய்விட்டால் இந்த வரலாற்றை எழுத நமக்கு வேறு ஆவணம் கிடையாது.