குரல் எங்கே நிற்கிறது?

என் வீட்டுப் பரண்மேல் ஒரு பழைய கிதார் கிடக்கிறது. அதன் கழுத்து நெடுகப் பசைத் தழும்புகள். பார்க்கிறவர்கள் பேரக் குழந்தைகளின் கைவரிசை என்று நினைத்துக்கொள்கிறார்கள். பாவம், குழந்தைகள்மீது பழி போடுவானேன்? அது என் கைவரிசைதான்.

1974-ஆம் வருஷம். அப்போது ராசிபுரத்தில் இருந்தோம். சேலத்தில் பழைய சாமான் கடை ஒன்றில் அந்தக் கிதாரை வாங்கி வந்தேன். ஓர் ஆங்கிலப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, ஏ, பி, ஸி, டி என்று துண்டுக் காகிதங்களில் எழுதி, மெட்டுக்கு மெட்டு ஒட்டினேன். மூன்று மாதத்தில் ஒரே ஒரு பாட்டு கைக்கு வந்தது. என் தங்கை பாடும் பாட்டு அது. ஐந்து கட்டை சுருதியில் பாடுவாள். கட்டை என்பது பெரிய சாஸ்திரமொன்றும் இல்லை. ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை ஒன்று, இரண்டு என்று எண்ணி வைத்த கணக்கு. 'ஸி' ஒரு கட்டை. 'ஜி' ஐந்து கட்டை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். "பொண்ணு பாடுமாமே?" என்றார்கள். நானும் கிதாரும் கம்பீரமாக உட்கார்ந்தோம். அவளுக்கு இரண்டு நாளாகச் சளி. ஐந்து கட்டை எட்டவில்லை. நாலு கட்டையில் எடுத்துவிட்டாள். என் காகிதங்கள் அத்தனையும் என்னைக் கைவிட்டன. நான் ஒரு பக்கம் தடவ, அவள் ஒரு பக்கம் தடுமாற, இரண்டாவது அடியிலேயே பாட்டு நின்றது. "கடுதாசி போடுகிறோம்" என்று சொல்லிப் போனார்கள். கடுதாசி வரவில்லை. தங்கை என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

அடுத்த வீட்டுத் திண்ணையில் ஒரு பெரியவர் இருந்தார். நாடகக் கம்பெனிகளில் ஆர்மோனியம் வாசித்து ஓய்ந்தவர். சுவருக்கு அந்தப் பக்கம் எல்லாம் கேட்டிருக்கிறார்.

"ஏன் தம்பி நின்னு போச்சு?"

"அவ நாலு கட்டையில எடுத்துட்டாளுங்க. நான் படிச்சது அஞ்சுக்குங்க."

"பாட்டு அதே பாட்டுத்தானே? நீ எழுத்தைத் தேடிட்டிருந்தே, தம்பி. அந்தப் புள்ளை எங்கே நிக்குதுன்னு பார்க்கலை."

ஈரத்துணியால் காகிதங்களைத் துடைத்தெடுத்தார். நாலாம் தந்தியில் ஐந்தாம் மெட்டைக் காட்டி, "இது நேத்து ஸ" என்றார். விரலை இரண்டு மெட்டு கீழே நகர்த்தி, "இது இன்னைக்கு ஸ. மத்தவங்க எல்லாம் வரிசை தப்பாம கூட வந்துடுவாங்க" என்றார். எழுத்துக்கள் அத்தனையும் மாறிவிட்டன. என் விரல்களின் நடை ஒன்றுகூட மாறவில்லை! கொடுமுடி சுந்தராம்பாளும் கிட்டப்பாவும் ஒலிபெருக்கியின் தயவில்லாமல் உச்சஸ்தாயியில் பாடிய நாடக மேடையின் பிள்ளை அவர். நடிகரின் தொண்டை அன்றைக்கு எங்கே இருக்கிறதோ, அங்கே ஆர்மோனியமும் போய் உட்கார வேண்டும். அது அந்தத் தொழிலின் முதல் பாடம்.

பெரியவர் சொன்னது எவ்வளவு பழைய சமாசாரம் என்பது சிலப்பதிகாரத்தைப் படித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. மதுரைக்கு வெளியே ஆயர் சேரி. பால் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை. என்னவோ கேடு வரப்போகிறதென்று அஞ்சிய மாதரி குரவைக் கூத்துக்கு ஏற்பாடு செய்கிறாள். ஏழு பெண்களை நிறுத்துகிறாள். பெற்றவர்கள் வைத்த பெயரை விட்டுவிட்டு, நின்ற வரிசைப்படி குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று பெயரிடுகிறாள். நமது ஸரிகமபதநியின் தமிழ்ப் பெயர்கள் அவை. பெண்ணுக்கு அந்தப் பெயர் கிடைப்பது அவள் நிற்கும் இடத்தினால்!

அந்தக் காவியத்தின் பழைய உரைகள் இன்னும் ஒரு படி போகின்றன. பன்னிரண்டு ராசிகளை வட்டமாக வரைந்து, துலாம், தனுசு, கும்பம், மீனம், ரிஷபம், கடகம், சிம்மம் ஆகிய ஏழு வீடுகளில் ஏழு ஸ்வரங்களை வைக்கின்றன. துலாத்திலிருந்து எண்ணிப் பாருங்கள்: இரண்டு, இரண்டு, ஒன்று, இரண்டு, இரண்டு, ஒன்று, இரண்டு. கிதாரிலும் ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு மெட்டுத்தான். இதே கணக்கில் விரலை நகர்த்தினால் இன்றைய ஹரிகாம்போதி பேசுகிறது. வட்டத்தில் வேறொரு வீட்டைக் குரலாக்கி எண்ணினால் வேறு பாலை பிறக்கும். இப்படி ஏழு பாலைகள். இதற்கு வட்டப்பாலை என்று பெயர்.

அந்த உரைகாரர்களில் ஒருவரான அடியார்க்குநல்லாரை எங்கள் ஊர்க்காரர் என்று கொங்கு மண்டல சதகம் உரிமை கொண்டாடுகிறது. சேலத்து மண்ணில் பிறந்த எனக்கு அதில் கொஞ்சம் கர்வம் உண்டு. 1892-இல் உ.வே. சாமிநாதையர் அவருடைய உரையுடன் சிலப்பதிகாரத்தை அச்சிட்டார். பிறகு தஞ்சாவூரில் சித்த வைத்தியம் பார்த்த ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் கருணாமிர்த சாகரத்திலும், விபுலானந்த அடிகள் 1947-இல் யாழ் நூலிலும் இந்த வட்டத்தோடு மல்லாடினார்கள். செம்பாலை இன்றைய எந்த ராகம் என்பதில் இருவரும் ஒத்துப்போகவில்லை. ஆனால் ஸ்வரத்துக்கு அதன் உறவுதான் பெயர் என்பதில் இருவருக்கும் பேதம் கிடையாது.

மேல்நாட்டாருக்கும் இது புதிதல்ல. பதினோராம் நூற்றாண்டில் இத்தாலியில் கைடோ என்ற துறவி, பாடகர்கள் சீக்கிரம் கற்க 'உத், ரே, மி' என்று இடப்பெயர்களைத்தான் வகுத்தார். காலப்போக்கில் பிரான்சிலும் இத்தாலியிலும் அவை 'ஸி', 'டி' போல அசையாத பெயர்களாக உறைந்துவிட்டன. இங்கிலாந்தில் ஸாரா குளோவர் என்ற ஆசிரியை அவற்றை மறுபடியும் நகர வைத்தாள். ஜான் கர்வென் என்ற பாதிரியார் அந்த முறையைப் பள்ளிக்கூடங்களில் பரப்பினார். எழுத்துப் பெயர்கள் வீண் என்று நான் சொல்லமாட்டேன். நாற்பது வாத்தியங்கள் ஒன்றாக முழங்க அவை வேண்டியதுதான். ஆனால் சளிபிடித்த ஒரு பெண்ணின் பக்கத்தில் உட்கார அவை போதவில்லை.

மறு வருஷம் நாமக்கல்லிலிருந்து இன்னொரு வீட்டார் வந்தார்கள். தங்கை என்னைப் பார்த்தாள்.

"அண்ணா, எத்தனை கட்டை?"

"நீ எடும்மா. நான் வர்றேன்."

எடுத்தாள். ஒரு வரி முழுவதும் நான் தந்தியைத் தொடவில்லை, கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு மெல்ல அவள் பக்கத்தில் போய்ச் சேர்ந்தேன். எத்தனை கட்டை என்று எனக்கு இன்றுவரை தெரியாது.