பொதுக்கம்பியில் தனிச்செய்தி

செய்தி செல்லும் வழி பலருக்கும் உரியது; செய்தியோ ஒருவருக்கே உரியது. இம்முரண்பாடு கணினியோடு தோன்றியதன்று. சிங்கப்பூரின் செய்திப் போக்கு வரலாற்றில் இது தொடக்கமுதலே உண்டு.

1871ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடித் தந்திக்கம்பி வந்து சேர்ந்தது. அதுவரை கப்பல் கொணரும் கடிதத்தை எதிர்நோக்கியிருந்த வணிகர், கடல்கடந்த ஊர்களின் விலைநிலவரத்தை விரைவில் அறியலாயினர். ஆயினும் தந்தியைப் பெற்று அனுப்புவோர் அலுவலர். அவர் கண்ணுக்கு மறைவாக ஒன்றும் செல்லாது. எனவே வணிகர் சங்கேதச் சொற்களைக் கையாண்டனர். ஒரு சொல்லே ஒரு முழு வாக்கியத்தைக் குறிக்கும். அதனால் கட்டணமும் குறைந்தது, பொருளும் மறைந்தது. ஆனால் அச்சிட்ட சங்கேத நூலை எவரும் விலைக்கு வாங்கலாம். தனி நூல் எழுதிக்கொண்டாலோ அதன் படியை மறுமுனைக்கு அனுப்பவேண்டும். வழியில் அது பிறர் கையில் சிக்கினால் எல்லாம் வெளிப்படும். பூட்டைவிடத் திறவுகோலைக் கொண்டு சேர்ப்பதே பெருந்தொல்லையாயிற்று.

இத்தொல்லைக்கு விடை 1976இல் கிடைத்தது. டிஃபி, ஹெல்மன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர், பிறர் கேட்கப் பேசியே இருவர் தமக்குள் ஓர் இரகசிய எண்ணை உண்டாக்கிக்கொள்ளும் கணித முறையை வெளியிட்டனர். திறவுகோலைக் கப்பலில் அனுப்பவேண்டிய தேவை ஒழிந்தது.

1994இல் சிங்கப்பூர்ப் பொதுமக்களுக்கு இணையம் வணிகச் சேவையாக வந்தது. இணையமும் பொதுக்கம்பியே. அதனுள் தனிவழி அமைக்கும் முறையே வி.பி.என். என்பது. எழுதிய கடிதத்தை உறையிலிட்டு முத்திரையிட்டு, அவ்வுறையை மற்றோர் உறையில் வைத்து அனுப்புவது போன்றது அது. வழியிலுள்ளோர் வெளியுறையின் முகவரியை மட்டுமே காண்பர். 1990களின் நடுவில் மைக்ரோசாப்ட் முதலிய நிறுவனங்கள் வகுத்த முறை பரவலாயிற்று. 1998இல் மைக்ரோசாப்ட் அமைப்பின் குறைகளை ஆய்வாளர் எடுத்துக்காட்டினர். மத்திய ஆசியாவில் பயணம் செய்தபோது தம் செய்திகள் அயலார் கம்பிகளின் வழியே செல்வதைக் கண்டு கவலையுற்ற ஜேம்ஸ் யோனன், 2001இல் ஓப்பன்விபிஎன் என்னும் மென்பொருளை வெளியிட்டார். பின்னர் ஜேசன் டோனன்ஃபெல்டு ஆக்கிய வயர்கார்டு 2020 மார்ச்சில் லினக்ஸின் உட்கருவிலேயே இடம்பெற்றது. அதன் நிரல் ஏறத்தாழ 4,000 வரிகளே; ஆதலின் ஒருவர் இருந்து முழுதும் படித்துப் பார்த்துவிடலாம். சில நாட்களில், ஏப்ரல் 7 அன்று, சிங்கப்பூரில் கொவிட் நோய்ப்பரவல் முறியடிப்பு நடவடிக்கை தொடங்கிற்று. வீடுகள் அலுவலகங்களாயின.

இனி, வீட்டில் இதனை அமைப்பது எங்ஙனம்? பழைய கணினி ஒன்று போதும். அது இரண்டு திறவுகோல்களை உண்டாக்கும். ஒன்று இரகசியம்; அது கணினியைவிட்டு வெளியேறாது. மற்றது பொது, அது கைப்பேசிக்குக் கொடுக்கப்படும். கைப்பேசியின் பொதுத் திறவுகோல் கணினிக்குக் கொடுக்கப்படும். வீட்டு ரௌட்டரில் 51820 என்னும் வாயில் திறக்கப்படவேண்டும். வீட்டின் இணைய முகவரி அடிக்கடி மாறுமாயின், மாறாப் பெயர் ஒன்றைப் பதிந்துகொள்ளவேண்டும். சில சேவையாளர் பல வீடுகளுக்கு ஒரே முகவரியைப் பகிர்ந்தளிப்பர். அங்கு வெளியிலிருந்து வீட்டுக்குள் நேரே வர இயலாது. இவை அமைந்தபின், தேக்காவில் பொது வைஃபையைப் பயன்படுத்துவோரின் செய்தி முத்திரையிட்ட உறையாய் வீடு சென்று, அங்கிருந்தே உலகிற்குப் புறப்படும். வங்கித் தளங்கள் முன்பே தம் செய்தியைப் பூட்டியனுப்புவது உண்மையே. ஆயினும் எத்தளத்திற்குச் செல்கிறார் என்பதையும் இது அருகிலிருப்போரிடமிருந்து மறைக்கும்.

இச்சேவையை மாத வாடகைக்குத் தரும் நிறுவனங்கள் பல உள்ளனவே என்று வினவலாம். 2022 ஏப்ரலில் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு, அத்தகைய நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்தாண்டுகள் வைத்திருக்கவேண்டுமென ஆணையிட்டது. எக்ஸ்பிரஸ்விபிஎன் என்னும் நிறுவனம் இந்தியாவிலிருந்த தன் கணினிகளை நீக்கி, இந்திய முகவரி தரும் கணினிகளைச் சிங்கப்பூரிலும் பிரிட்டனிலும் வைத்தது. அரசுக்கும் நிறுவனத்திற்கும் தத்தம் நியாயம் உண்டு. வாடிக்கையாளரோ தம் பதிவேடு எங்கே, யாரிடம் உள்ளதென நேரிற் காண இயலாதவர். வாடகை வழி நம்பிக்கையை இடம் மாற்றுகிறதேயன்றி, நம்பவேண்டிய தேவையை நீக்குவதில்லை.

வீட்டுக் கணினியோ உரிமையாளரின் கண்ணெதிரே இருப்பது. ஆயினும் அது மாயப்போர்வை அன்று. செல்லும் தளங்களுக்கு வீட்டு முகவரி தெரியும், வீட்டு இணையச் சேவையாளரும் அப்போக்கைக் காண்பர். காவலும் வேண்டும். 2018இல் சிங்ஹெல்த் நிறுவனத்தின் 15 இலட்சம் நோயாளர் விவரங்கள் களவுபோயின. பிழைதிருத்தம் இடப்பெறாத ஒரு கணினியும் எளிய கடவுச்சொல்லும் திருடர்க்குத் துணையானமை விசாரணையில் வெளிப்பட்டது. பெருநிறுவனத்திற்கே இக்கதியெனின், வீட்டில் கணினியைத் திறந்துவைப்போர் திருத்தங்களை உடனுக்குடன் இடாதிருத்தல் தகுமோ?

ஞாயிறுதோறும் சிராங்கூன் சாலையில் கூடும் தமிழ்த் தொழிலாளர் பலருக்கு இந்நகரில் விடுதிப் படுக்கையே உண்டு. கணினி வைக்கச் சொந்த வீடில்லை. வீடு இருப்பது தமிழ்நாட்டில். அவ்வீட்டில் ஒரு கணினியும், அதனைப் பார்த்துக்கொள்ளும் தம்பியோ தங்கையோ இருப்பின், அவர்களுக்கும் இவ்வழி திறக்கும். 1871இன் சங்கேத நூல் வணிகர்க்குப் பயன்பட்டது. இன்றைய முறைக்குரிய மென்பொருளுக்கு விலையில்லை. பொதுக்கம்பி என்றும் பொதுக்கம்பியே. திறவுகோல் யாரிடம் இருக்கவேண்டும் என்பதை முடிவுசெய்யும் ஆற்றல் மட்டும், சிறிது கற்க முன்வரும் எளியவர் கைக்கும் இப்போது வந்திருக்கிறது.