மனநலச் செவிலியர் கல்வி

மனநோயாளரைப் பராமரிக்கும் பணிக்குச் செவிலியரை ஆயத்தப்படுத்தும் படிப்பு மனநலச் செவிலியர் கல்வி எனப்படும். இந்தியாவில் இது பொதுச் செவிலியப் படிப்புக்குள்ளேயே தொடங்குகிறது. மூன்றாண்டு டிப்ளமோ, நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங் இரண்டிலும் மனநலச் செவிலியம் கட்டாயப் பாடம். அதில் சில வாரங்கள் மனநல மருத்துவமனையில் பயிற்சி பெற வேண்டும். இத்துறையிலேயே தொடர விரும்புவோருக்கு ஓராண்டு டிப்ளமோவும் ஈராண்டு எம்.எஸ்சி. படிப்பும் உள்ளன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் காப்பகங்களில் நோயாளிகளுடன் இருந்தவர்கள் பெரும்பாலும் காவல் காப்பவர்களே. 1882இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மெக்லீன் காப்பகம் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியதை இக்கல்வியின் தொடக்கமாகக் கொள்வது வழக்கம். எனினும் உண்மையான திருப்பம் 1952இல் நிகழ்ந்தது. அவ்வாண்டு பாரிஸில் குளோர்ப்ரோமசின் என்னும் மருந்து மனநோய்க்குக் கொடுக்கப்பட்டு, நோயாளியோடு உட்கார்ந்து பேச முடியும் என்ற நிலை உருவானது. அதே ஆண்டு ஹில்டெகார்ட் பெப்லாவ் என்ற அமெரிக்கச் செவிலியர் எழுதிய நூல், செவிலியருக்கும் நோயாளிக்கும் இடையே வளரும் உறவே சிகிச்சையின் கருவி என்று நிறுவியது. இன்று இந்திய மாணவியர் படிக்கும் பாடத்திலும் பெப்லாவின் பெயர் தவறாமல் இடம்பெறுகிறது.

மனச்சிதைவு, இருதுருவ மனநோய், மனச்சோர்வு, போதைப் பழக்கம், குழந்தைகளின் நடத்தைச் சிக்கல்கள், முதியோரின் மறதிநோய் எனப் பாடத்திட்டம் நீள்கிறது. மருந்துகளைப் பற்றிய பாடம் நேரடியாக வார்டில் உதவும். ஹாலோபெரிடால் பெற்றவருக்குக் கழுத்து திடீரென ஒரு பக்கம் இழுத்துக்கொண்டால், அது மருந்தின் பக்கவிளைவு என்பதையும், ஓர் ஊசியில் சரியாகும் என்பதையும் செவிலியர் அறிந்திருக்க வேண்டும். பார்க்கும் உறவினர்கள் அதைப் பேய் என்றே நினைத்துவிடக்கூடும். லித்தியம் உட்கொள்பவருக்கு வாந்தியும் பேதியும் வந்தால் மருந்து இரத்தத்தில் தேங்கி நஞ்சாகலாம். குளோசபின் எடுப்பவருக்குத் தொண்டைவலியும் காய்ச்சலும் வந்தால் உடனே வெள்ளணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இவற்றைப் புத்தகத்திலிருந்து கற்றுவிடலாம். பேசக் கற்பதுதான் கடினம். மாணவி ஒரு நோயாளியுடன் பேசிவிட்டு, அவர் சொன்னது ஒரு பத்தியிலும், தான் சொன்னது அடுத்ததிலும், அப்போது தன் மனத்தில் ஓடியது மூன்றாவதிலுமாக எழுதி ஆசிரியரிடம் காட்ட வேண்டும். அந்த மூன்றாவது பத்தியே இக்கல்வியின் உயிர். தன் பயத்தையும் அருவருப்பையும் எரிச்சலையும் எழுத்தில் பார்த்தவரால்தான் அவற்றை நோயாளி மேல் கொட்டாமல் இருக்க முடியும். தன்னை யாரோ திட்டும் குரல் கேட்பதாக ஒருவர் சொன்னால், ஆமாம் போடவும் கூடாது, வாதிடவும் கூடாது. “எனக்கு அந்தக் குரல் கேட்கவில்லை. ஆனால் உங்களுக்குக் கேட்கிறது, அது உங்களைப் பயமுறுத்துகிறது என்பது தெரிகிறது” என்பது போன்ற பதில் கற்பிக்கப்படுகிறது. தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேரே கேட்கவும் பழக்குகிறார்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. மனச்சோர்வு தெளியத் தொடங்கும் நாட்களில் கண்காணிப்பைத் தளர்த்தக் கூடாது என்பதும் முக்கியமான பாடம். மனம் தேறுவதற்கு முன்பே, தற்கொலை எண்ணத்தைச் செயலாக்கும் தெம்பு உடலில் வந்துவிடலாம்.

சட்டமும் பாடத்தின் ஒரு பகுதி. தமிழ்நாட்டு மாணவருக்கு இது ஏட்டுச் செய்தியாக நின்றுவிடக் கூடாது. 2001 ஆகஸ்டு 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் தப்ப வழியின்றி 28 பேர் இறந்தனர். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வகையிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. மயக்கமருந்தும் தசைத் தளர்ச்சி மருந்தும் இல்லாமல் மின்னதிர்ச்சி சிகிச்சை தரக் கூடாது என்கிறது. தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையையும் நோயாளிக்குத் தருகிறது. கட்டிவைப்பதற்கு முன் வேறு வழியெல்லாம் தேடிப் பார்க்க வேண்டியவர்களில் இரவுப் பணியில் இருக்கும் செவிலியரே முதலில் நிற்கிறார்.

பயிற்சிக் களங்களில் பெங்களூரின் நிம்ஹான்ஸ் முன்னிலையில் உள்ளது. தமிழ்நாட்டில் 1794 வரை வேர் நீளும் சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை தலையாயது. 1961 முதல் அதன் கண்காணிப்பாளராக இருந்த மனநல மருத்துவர் சாரதா மேனன், 1984இல் மனச்சிதைவு நோய்க்கான ஸ்கார்ஃப் அமைப்பை நிறுவி, மறுவாழ்வுப் பணியையும் சிகிச்சையோடு இணைத்தார்.

2015-16 தேசிய மனநல ஆய்வு, வயதுவந்தோரில் 10.6 சதவீதம் பேருக்கு மனநலக் கோளாறு இருப்பதாகவும், அவர்களில் பெரும்பாலோர் சிகிச்சை பெறுவதில்லை என்றும் கண்டது. 2017ஆம் ஆண்டுச் சட்டம், பொதுச் செவிலியப் பட்டயமோ பட்டமோ பெற்றுப் பதிவுசெய்தவரையும் மனநலச் செவிலியராக ஏற்கிறது. அப்படியானால் பலருக்கு அந்தச் சில வார வார்டுப் பயிற்சிதான் இத்துறையில் கிடைக்கும் ஒரே பயிற்சி. அதைக் கேஸ் ஷீட் பார்த்து எழுதுவதில் கழித்துவிடாமல், நோயாளிகளின் அருகே உட்கார வைப்பது செவிலியர் கல்லூரிகளின் கடமை.